ஃபில்டருக்குள் குடியிருப்பவை

கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீரிலும் மீன் செத்து மிதக்கலாம். பச்சைப்பசேலென்ற தண்ணீரில் அதே மீன் கொழுத்து வளரலாம். கொல்லைப்புறக் குளத்துக்கு ஃபில்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீரின் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். மீனைக் கொல்லும் அம்மோனியாவுக்கோ நிறமே கிடையாது.

மீன் செவுள் வழியே ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீவனமும் அழுகி அதையே தரும். ஆறு என்றால் அடித்துக்கொண்டு போய்விடும். ஆயிரம் லிட்டர் குளத்தில் அது எங்கே போகும்? தண்ணீரில் கரைந்திருப்பதால் எந்தச் சல்லடையிலும் சிக்காது. அதை உண்டு வாழும் பாக்டீரியாக்கள்தான் கதி. ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான், மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அது மீனை அவ்வளவாகப் பாதிக்காது, அல்லிக்கு உரம். இரண்டு வேலையையும் தனியாளாகச் செய்யும் பாக்டீரியாவும் உண்டு என்பது 2015-ல்தான் தெரியவந்தது. அதுவும் ஓரிடத்தில் மீன் வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டரிலிருந்தே கிடைத்தது!

இவை எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழ்பவை. ஆகவே ஃபில்டரில் பார்க்க வேண்டியது, அவை ஒட்ட எவ்வளவு பரப்பு இருக்கிறது என்பதை. ஒரு மீட்டர் கனசதுரத்தின் பரப்பு 6 சதுர மீட்டர். அதையே ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் 600 சதுர மீட்டர். துளை நிறைந்த ஸ்பாஞ்சும், உள்ளே குறுக்குச் சுவர் வைத்த சின்னச் சின்ன பிளாஸ்டிக் சக்கரங்களும் இந்தக் கணக்கை நம்பியே செய்யப்படுகின்றன. சில வாரம் ஓடிய சக்கரத்தை விரலால் தடவிப் பாருங்கள். மெல்லிய பழுப்பு வழுவழுப்பு தட்டுப்படும். உண்மையான ஃபில்டர் அதுதான்.

புற ஊதா விளக்கு, மிதக்கும் பாசியைக் கொன்று தண்ணீரைத் தெளிய வைக்கும்; அம்மோனியாவை ஒன்றும் செய்யாது. பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். அதற்கு உங்கள் மீன்களின் எண்ணிக்கையும் தெரியாது, தீனியும் தெரியாது. கோய் மாதிரி பெருந்தீனி மீன் வளர்த்தால் ஒரு படி பெரியதாகவே வாங்குங்கள். குளத்துத் தண்ணீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது ஃபில்டர் வழியே சுற்றிவரும் அளவுக்குப் பம்பு வேண்டும்.

இரவில் பம்பை நிறுத்திக் கரண்டை மிச்சம் பிடிக்காதீர்கள்; ஓட்டம் நின்றால் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வந்து சேராது. அம்மோனியாவில் உள்ள ஒரு கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறக்குறைய நாலரை கிராம் ஆக்சிஜன் செலவாகும். அந்த ஆக்சிஜனோ வெயில் ஏற ஏறத் தண்ணீரில் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான்.

நம் குடலில் வாழும் ஈ.கோலை, வசதி கிடைத்தால் இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். ஃபில்டரில் வாழ்பவற்றுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். அதனால் புதுக் குளத்தில் அவை போதுமான அளவு பெருக நாலைந்து வாரமாவது ஆகும். அதுவரை மீன் கொஞ்சமாகவே இருக்கட்டும். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள். குளத்துத் தண்ணீரையே ஒரு வாளியில் மொண்டு, அதில் லேசாக அலசிப் போடுங்கள்.