பந்தும் பேரமும் – 9: கண்டபடி சுழலும் மட்டை

பேஸ்பாலில் மட்டையாளருக்கு வேலை இரண்டு: அடிக்கத்தக்க பந்தை அடிப்பது ஒன்று, அடிக்கத்தகாததை விட்டுவிடுவது மற்றொன்று. தரையில் பதித்த தட்டின் அகலத்துக்குள், மட்டையாளரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில் அமையும் கற்பனைக் கட்டம் ‘ஸ்டிரைக் ஸோன்’ எனப்படும். அதற்கு வெளியே செல்லும் பந்துகளில் நான்கை அவர் அசையாமல் விட்டுவிட்டால் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்து செல்லலாம் என்பதால் அந்தச் சலுகைக்கு ‘வாக்’ என்று பெயர். அதே பந்துக்கு மட்டையைச் சுழற்றித் தவறவிட்டாலோ அது ஸ்டிரைக்காகக் கணக்கில் ஏறும். மூன்று ஸ்டிரைக் சேர்ந்தால் ‘ஸ்டிரைக் அவுட்’. கட்டத்துக்கு உள்ளே, வெளியே என்ற பேதமின்றி எதையும் துரத்துபவரை ‘ஃப்ரீ ஸ்விங்கர்’ என்பர். இந்தப் பழக்கமுள்ள இளைஞர் ஒருவர் கையில் இருக்கும்போது அவரை வைத்துக்கொள்வதா, வேறொரு அணிக்குக் கொடுத்துத் தேவையானதை வாங்குவதா என்பது அணி நிர்வாகங்களை விடாமல் அலைக்கழிக்கும் கேள்வி.

சிகாகோ கப்ஸ் அணிக்கு அந்தக் கேள்வி 2014இல் ஹாவியர் பாயஸ் வடிவில் வந்தது. புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்த இவரை, இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ‘டிராஃப்ட்’டில் 2011ஆம் ஆண்டு ஒன்பதாவது தேர்வாக அந்த அணி எடுத்திருந்தது, கீழ்நிலைத் தொடர்களில் 2013இல் மட்டும் அவர் 37 ஹோம் ரன் அடித்தார். 2014 ஆகஸ்ட் 5 அன்று டென்வரில் முதன்முறையாகப் பெரிய தொடரில் இறங்கியவர், நீண்டுபோன அந்த ஆட்டத்தின் 12ஆவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து வெற்றிக்கு வழிவகுத்தார். அந்த வெளிச்சம் நீடிக்கவில்லை. அவ்வாண்டின் 52 ஆட்டங்களில் 229 முறை மட்டை பிடித்து 95 முறை ஸ்டிரைக் அவுட் ஆனார். அதாவது ஐந்துக்கு இரண்டுக்கும் மேல். வாக் 15 மட்டுமே; பேட்டிங் சராசரி 0.169. வெளிப்புறமாகத் தாழ்ந்து விலகும் ‘ஸ்லைடர்’ வகைப் பந்தைக் காட்டினால் போதும், இவர் தாமாகவே வெளியேறிவிடுவார் என்பது எதிரணிப் பந்துவீச்சாளர்களுக்கு விரைவில் தெரிந்துவிட்டது.

விற்றுவிடலாம் என்று வாதிட்டோரிடம் காரணம் இல்லாமலில்லை. பாயஸின் இடமான ‘ஷார்ட் ஸ்டாப்’பில், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவிலுள்ள காவலில், ஸ்டார்லின் காஸ்ட்ரோ ஏற்கெனவே நிலைபெற்றிருந்தார், 2014 ஜூலையில் ஓக்லண்டிலிருந்து அடிசன் ரஸ்ஸலும் வந்து சேர்ந்தார். ஒரே இடத்துக்கு மூவர் இருக்க, நல்ல பந்துவீச்சாளர்களுக்கோ பஞ்சம். ஆனால் இந்த வாதம் சந்தையின் எளிய விதி ஒன்றை மறந்தது: 0.169 என்ற எண் கப்ஸ் அணிக்கு மட்டும் தெரிந்த இரகசியமன்று. வாங்க வருபவர் அதைக் காட்டித்தான் விலையைக் குறைப்பார். மேலும், ஒரு வீரர் பெரிய தொடரில் ஆறாண்டுச் சேவையை நிறைவு செய்யும்வரை அவரை வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கே உண்டு, தொடக்க ஆண்டுகளில் அவருக்கான ஊதியமும் மிகக் குறைவு. எனவே காத்திருப்பதற்கான செலவு சிறிது. அவசரப்பட்டு விற்பதன் இழப்போ பெரிதாகிவிடக்கூடும்.

தியோ எப்ஸ்டீன் தலைமையிலான நிர்வாகம் பந்துவீச்சுப் பஞ்சத்தைப் பணத்தால் தீர்த்தது. 2014 டிசம்பரில் ஜான் லெஸ்டரை 6 ஆண்டுகளுக்கு 15.5 கோடி டாலர் கொடுத்து ஒப்பந்தம் செய்தது. ஓராண்டு கழித்து காஸ்ட்ரோவை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்தது. பாயஸ் தங்கினார். அவர் பொறுமையைக் கற்றுக்கொண்டதால் இந்த முடிவு பலித்தது என்று சொல்வது எளிது, ஆனால் உண்மையன்று; 2018இல் 34 ஹோம் ரன்னும் தேசிய லீக்கிலேயே அதிகமாக 111 ‘ஆர்பிஐ’யும், அதாவது தம் அடியால் பிறரையும் சேர்த்து உள்ளே கொண்டுவந்த ஓட்டங்களும், எடுத்து மிகச்சிறந்த வீரர் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாமிடம் பெற்ற ஆண்டிலும், அவருடைய வாக் 29தான், ஸ்டிரைக் அவுட் 167. ஸ்டிரைக் அவுட் விகிதம் நான்குக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது, அவ்வளவே. அவரைத் தாங்கி நிறுத்தியவை வேறு: எந்தக் காவலிலும் நிற்கக்கூடிய கையுறை, ஓடிவருபவரை மின்னல்போல் தொட்டு வெளியேற்றும் கை, துணிச்சலான ஓட்டம். 1908க்குப் பிறகு கப்ஸ் உலகத் தொடரை வென்ற 2016இல், தேசிய லீக் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே அவர் ஹோம் பேஸைத் ‘திருடினார்’, அதாவது யாருடைய அடியின் உதவியுமின்றி ஓடியே அதைச் சேர்ந்தார். அச்சுற்றின் சிறந்த வீரர் விருதை லெஸ்டருடன் பகிர்ந்துகொண்டார். மட்டை உறங்கும் நாளிலும் ஆட்டத்தை மாற்றவல்ல ஒருவரை, மட்டையின் கணக்கை மட்டும் வைத்து எடைபோட்டதுதான் 2014இன் பிழை.

அதற்காக எப்போதும் வைத்துக்கொள்வதே சரி என்றும் ஆகிவிடாது. கண்ணால் பிழைப்பவருக்கு வயது மெல்ல வருகிறது. கைவேகத்தால் பிழைப்பவருக்கு அது திடீரென்று வந்து நிற்கிறது, ஏனெனில் தவறான பந்தைத் தேர்ந்தெடுத்த பிறகும் மட்டையைக் கொண்டுசேர்க்க உதவிய அந்த வேகம் சற்றுக் குறைந்தாலும் சமாளிக்க வேறு வழி கிடையாது. 2021 ஜூலை 30 அன்று, ஒப்பந்தம் முடிவதற்குச் சில மாதங்களே இருந்த நிலையில், கப்ஸ் அவரை நியூயார்க் மெட்ஸுக்கு அனுப்பியது. அங்கே அவர் நன்றாகவே ஆடினார். ஆண்டிறுதியில் டெட்ராய்ட் டைகர்ஸ் 6 ஆண்டுகளுக்கு 14 கோடி டாலர் கொடுத்து அவரை வாங்கியது. 2024இல் அவருடைய சராசரி 0.184. அடுத்த ஆண்டு நடுக்களக் காவலுக்கு மாறி ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வானார் என்பது, அந்தக் கையுறையின் மதிப்பை மீண்டும் ஒருமுறை காட்டியது.

மெட்ஸிடமிருந்து கப்ஸ் பெற்றுக்கொண்ட இளைஞரின் பெயர் பீட் க்ரோ-ஆர்ம்ஸ்ட்ராங். அருமையான நடுக்களக் காவலர், அதிவேக ஓட்டக்காரர். 2025இல் 31 ஹோம் ரன்னும் 35 பேஸ் திருட்டும் அவர் கணக்கில் சேர்ந்தன. கட்டத்துக்கு வெளியே போகும் பந்தை அவரும் விடுவதில்லை.