ஊரிலிருந்து வந்தவர் தனியே போய் வரலாம்
டில்லி மெட்ரோவில் இந்தி தெரியாதவருக்கும் வழி உண்டு

டில்லியில் வேலை பார்க்கும் தமிழர் வீடுகளுக்கு ஊரிலிருந்து யாராவது வந்துகொண்டுதான் இருப்பார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கத் தாயார் வருவார். எய்ம்ஸ் மருத்துவமனையில் காட்டுவதற்குப் பெரியப்பா வருவார். பரீட்சை எழுத மைத்துனன் வருவான். வருகிறவருக்கு இந்தி தெரியாது. வீட்டுக்காரருக்கோ லீவு கிடைக்காது. தினக்கூலிக்கு வேலை செய்பவருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. மருத்துவமனைக்கு ஐந்து நாள் அலைய வேண்டியிருந்தால், ஐந்து நாளும் கூடவே போவது எப்படி?

ஒரு நாள் மட்டும் கூடப் போய்க் கற்றுக் கொடுத்தால் போதும். மறுநாள் முதல் அவரே போய் வருவார். மெட்ரோ ரயிலில் அது சாத்தியம்.

டில்லி மெட்ரோ 2002 டிசம்பரில் ஷாதராவுக்கும் தீஸ் ஹஸாரிக்கும் இடையே தொடங்கியது. அதை உருவாக்கிய நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் அப்போது இருந்தவர் இ. ஸ்ரீதரன். 1964ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீர்செய்து கொடுத்தவரும் அவரே.

மூன்று விஷயம் போதும்

நிலையங்களில் பெயர்ப்பலகையும் அறிவிப்பும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். இரண்டும் தெரியாதவர் கலங்க வேண்டாம். தடத்தின் நிறம், அந்தத் தடம் முடியும் நிலையத்தின் பெயர், எத்தனையாவது நிலையத்தில் இறங்க வேண்டும் என்ற கணக்கு ஆகிய மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் போதும்.

உதாரணமாக, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது டில்லி நிலையத்துக்கு வருகிறது. மெட்ரோ இருப்பது அஜ்மீரி கேட் பக்கம். பஹாட்கஞ்ச் பக்கம் இறங்கிவிட்டால் சுற்ற வேண்டியிருக்கும். அங்கிருந்து எய்ம்ஸுக்கு மஞ்சள் தடம். நடைமேடைப் பலகையில் 'எய்ம்ஸ்' என்று தேடினால் குழப்பமே மிஞ்சும். வண்டி எந்தத் திசையில் போகிறதோ, அந்தக் கடைசி நிலையத்தின் பெயரைத்தான் போட்டிருப்பார்கள். 'மிலேனியம் சிட்டி சென்டர் குருகிராம்' பக்கம் போகும் வண்டியில் ஏற வேண்டும். ராஜீவ் சௌக் ஒன்று, படேல் சௌக் இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனால் எட்டாவது நிலையம் எய்ம்ஸ்.

தவறி அடுத்த நிலையத்துக்குப் போய்விட்டாலும் பதற வேண்டாம். வெளியே வராமல் எதிர்த் திசை வண்டியில் ஏறித் திரும்பலாம்.

ராஜீவ் சௌக்கில் கவனம்

கரோல்பாகுக்கும் மயூர் விஹாருக்கும் போகிறவர்கள் ராஜீவ் சௌக்கில் நீலத் தடத்துக்கு மாற வேண்டும். தரையில் பதித்துள்ள காலடிச் சுவடுகள் மாறும் வழியைக் காட்டும். கரோல்பாக் போகிறவர் துவாரகை பக்கம் போகும் வண்டியில் ஏற வேண்டும். மயூர் விஹார் போகிறவருக்குத்தான் சிக்கல். ஒரே நடைமேடையில் நொய்டா வண்டியும் வரும், வைஷாலி வண்டியும் வரும். யமுனா பேங்க் நிலையத்துக்கு அப்பால் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. மயூர் விஹாருக்கு நொய்டா வண்டியே சரி. தெரியாமல் வைஷாலி வண்டியில் ஏறிவிட்டால், யமுனா பேங்கிலேயே இறங்கி மாறிக்கொள்ளலாம்.

சீட்டும் சோதனையும்

2025 ஆகஸ்டில் கட்டணத்தை மாற்றியபோது குறைந்தபட்சம் 11 ரூபாய், அதிகபட்சம் 64 ரூபாய் என்று வைத்தார்கள். அடிக்கடி போகிறவர் ஸ்மார்ட் கார்டு வாங்கிக்கொண்டால் பத்து சதவீதம் மிச்சம். காகிதச் சீட்டு வாங்கினால் அதைக் கசக்கிப் போட்டுவிடக் கூடாது. உள்ளே நுழைவதற்கு மட்டுமல்ல, வெளியே வரவும் அதே சீட்டைக் காட்டினால்தான் கதவு திறக்கும். புதிதாக வருபவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான்.

வாசலில் உடம்பையும் மூட்டையையும் சோதிப்பார்கள். இது எல்லோருக்கும் நடப்பது. தன்னை மட்டும் சந்தேகப்படுகிறார்கள் என்று பெரியவர்கள் மனம் நோக வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. மகளுக்கென்று ஊரிலிருந்து அரிவாள்மனை கொண்டுவந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

பெண்களுக்கென முதல் பெட்டி 2010 அக்டோபர் முதல் தனியாக ஒதுக்கப்பட்டுள்ளது. தாயாருடன் மகனோ கணவரோ போனால் அதில் ஏற முடியாது. இருவரும் வேறு பெட்டியில் ஏறுவதே மேல். எல்லாப் பெட்டிகளிலும் முதியோருக்கு இருக்கை உண்டு. நகரும் படிக்கட்டில் கால் வைக்கப் பயப்படுவோர் லிப்டைக் கேட்டு வாங்கலாம்.

வெளியே வரும் வாசலும் முக்கியம். எய்ம்ஸ் ஒரு பக்கம், சப்தர்ஜங் மருத்துவமனை எதிர்ப்பக்கம். வாசல் மாறி மேலே வந்தால் நோயாளி அந்த அகன்ற சாலையைக் கடக்க நேரும். ஆகவே முதல் நாள் போகும்போதே சரியான வாசலின் எண்ணைப் பார்த்துத் துண்டுச் சீட்டில் சேர்த்துவிட வேண்டும். வீட்டு விலாசமும் போன் நம்பரும் அதில் இந்தியிலும் இருக்கட்டும்.

ஊரில் பத்துப் பேருக்கு வழி சொன்னவர், இங்கே வந்ததும் மகன் ஆபீசிலிருந்து வரும்வரை ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். மொழி தெரியாத ஊரில் தொலைந்துவிடுவோமோ என்ற அச்சமே அதற்குக் காரணம். அந்த அச்சம் நீங்கினால் டாக்டர் சொன்ன தேதிக்கு யாரையும் எதிர்பாராமல் போவார். மஞ்சள் தடத்திலேயே ஹவுஸ் காஸ் வரை சென்று மாறி, வசந்த் விஹாரில் இறங்கி, ஆட்டோவில் மலை மந்திருக்கும் போய் முருகனைக் கும்பிட்டு வருவார்.

கற்றுக் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை ஏற்ற நாள். ஆபீஸ் கூட்டம் இருக்காது. போகும்போது வீட்டுக்காரர் முன்னே நடக்கட்டும். திரும்பும்போது வந்தவரை முன்னே விட்டுப் பின்னால் பேசாமல் வரட்டும்.