ஷோரூமுக்கு வெளியே ஒரு கார் கடன்
கார் ஷோரூமே ஏற்பாடு செய்து தரும் கடனில், நிதி நிறுவனத்திடமிருந்து ஷோரூமுக்கும் கமிஷன் கிடைப்பதுண்டு என்பதால், தம் வங்கியில் முன்கூட்டியே கடன் ஒப்புதல் பெற்றுச் செல்பவருக்குப் பேரம் பேச இடம் கிடைக்கிறது. ஷோரூம் தரும் விலைப்புள்ளியைக் கொடுத்தால், முன்பணம் போக மீதியை வங்கி நேரடியாக ஷோரூமுக்கே செலுத்திவிடும், காரின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் படிவம் 34 வழியாக அடமானக் குறிப்பு ஏறும். கடன்களை ஒப்பிடுகையில் பலரும் ஏமாறுவது வட்டிக் கணக்கில்தான்: 5 லட்சம் ரூபாய்க்கு 7 சதவீத 'ஃபிளாட்' வட்டி, அதாவது அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதல் தொகைக்கே கணக்கிடப்படும் வட்டி, 5 ஆண்டுகளுக்கு மாதம் 11,250 ரூபாய்த் தவணையாகிறது; மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் இதே தவணை ஏறத்தாழ 12.5 சதவீத வட்டிக்குச் சமம். கடன் அடைந்ததும் வங்கியின் தடையில்லாச் சான்றோடு படிவம் 35-ஐ ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்தால்தான் அடமானக் குறிப்பு நீங்கும்.