கிழக்குக் கடலில் மறையும் சூரியன்

ஒளி செய்த ஊர்கள் – 14

ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது காரைக்கால் தெருக்களில் மாம்பழம் பறக்கும். வேண்டுதல் பலித்தவர்கள் மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் பழங்களை வீசுவார்கள். கீழே நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் பிடிக்கும். கேமராவின் ஷட்டரை ஆயிரத்தில் ஒரு நொடிக்கு வைத்து அந்தத் தருணத்தை எடுத்தால், வெறும் வானத்தில் மஞ்சள் பழங்கள் காம்பும் கிளையுமில்லாமல் நிற்கும். அவற்றுக்குக் கீழே நூற்றுக்கணக்கான கைகள். யாரும் எதையும் வெட்டி ஒட்டவில்லை. ஆனாலும் ஊர் தெரியாத ஒருவர் அதைப் பார்த்தால், எந்த சாஃப்ட்வேரில் செய்தது என்றுதான் கேட்பார்.

இந்தத் திருவிழாவுக்குக் காரணமான காரைக்கால் அம்மையார் கயிலையைக் காலால் மிதிக்க மனமில்லாமல் தலையால் நடந்து ஏறியதாகச் சொல்கிறார் 12-ஆம் நூற்றாண்டின் சேக்கிழார். அழகிய உடலை உதறிவிட்டுப் பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் அவர். விலா எலும்புகள் தெரிய, வற்றிய மார்போடு, கையில் தாளத்துடன் சிரித்தபடி அமர்ந்திருக்கும் அவருடைய சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாரிஸில் ஆந்த்ரே பிரெத்தோன் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்ட ஆண்டு 1924. கனவும் நனவும் கலந்த ஒரு மேலான உண்மையைத் தேடுவதே அந்த இயக்கத்தின் நோக்கம். அப்போது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பாரிஸ் தேடிப் புறப்பட்ட ஒன்று, அதன் ஆளுகையில் இருந்த இந்தச் சிற்றூரின் கதையில் வெகுகாலமாகவே இருந்துகொண்டிருந்தது.

இயற்கையைப் படமெடுத்து, அந்தப் படங்களைக் கணினியில் அடுக்கிக் கலந்து, உலகில் எங்குமில்லாத ஒரு காட்சியை உண்டாக்கும் டிஜிட்டல் கலைதான் இந்த வாரப் பொருள். எடிட்டிங் மென்பொருள் கையில் இருந்தால் போதும், கற்பனைக்குத் தடையில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை வேறு. விசித்திரமான படம் எடுபட வேண்டுமானால் அதில் விழும் ஒளி பிசகில்லாமல் இருக்க வேண்டும். பறக்கும் மீனைக் கண் ஏற்றுக்கொள்ளும். அந்த மீனின் நிழல் தவறான பக்கம் விழுந்தால் ஏற்றுக்கொள்ளாது.

காரைக்காலில் இதைப் புரிந்துகொள்ளக் கடற்கரைக்குப் போனாலே போதும். சோழமண்டலக் கரை கிழக்கு பார்த்த கரை. சூரியன் கடலில் உதிக்கும். வயலுக்கும் தென்னைக்கும் பின்னால்தான் மறையும். கலங்கரை விளக்கத்தின் அருகே நின்று கிழக்கே பார்த்து எடுத்த மாலைப் படத்தில், நீர்விளிம்பில் ஒரு செஞ்சூரியனைப் பதித்துவிட்டால், கன்னியாகுமரிக்காரர் அதை அழகான அந்திக் காட்சி என்று கடந்துபோவார். காரைக்கால் மீனவர் ஒரு நொடி நின்றுவிடுவார். அந்த ஊருக்கு அதைவிடப் பெரிய கற்பனை தேவையில்லை. அதே படத்தில் கரையேற்றிய படகின் நிழலும் கடலை நோக்கியே நீண்டிருந்தால் நிலைமை மாறிவிடும். சூரியன் நடுக்கடலில் இருக்கும்போது நிழல் கரைப் பக்கம்தான் விழவேண்டும். அந்த ஒன்றை மறந்த படம் விசித்திரம் என்ற நிலையிலிருந்து பிழை என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறது.

இயற்கையே நிழலை அழித்துவிடும் நாட்களும் உண்டு. காரைக்கால் ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் மூன்றாம் வார வாக்கிலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும், நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த கம்பத்துக்கு அப்போது நிழல் இருக்காது. மணலில் நிற்கும் கம்பத்தை அந்தச் சில நிமிடங்களில் எடுத்தால், அது தரையில் ஊன்றியிருக்கிறதா, மேலே மிதக்கிறதா என்று சொல்ல முடியாது. கலைஞர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து அழிக்கும் நிழலை அந்த நாட்களில் வெயிலே அழித்துக் கொடுக்கிறது.

கடலையும் வானத்தையும் தனித்தனியே எடுத்து ஒட்டுவது கணினி கொண்டுவந்த பழக்கமல்ல. 1850-களின் கொலோடியன் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மிக வேகமாக வாங்கிக்கொள்ளும். அலைக்குத் தேவையான ஒளியைக் கொடுத்தால் வானம் வெளிறிவிடும். வானத்துக்கு ஏற்றபடி எடுத்தால் கடல் இருண்டுவிடும். பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ கிரே இதற்கு ஒரு வழி செய்தார். கடலுக்கு ஒரு நெகட்டிவ், மேகத்துக்கு ஒரு நெகட்டிவ். இரண்டையும் தொடுவானக் கோட்டில் சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டார். 1857-ல் தென் பிரான்ஸின் செத் துறைமுகத்தில் அவர் எடுத்த 'பெரும் அலை' அப்படிப் பிறந்ததுதான். அந்த அலையும் அந்த மேகமும் ஒரே நொடியில் சந்தித்தவை அல்ல. இன்றைக்கு அதன் முன்னால் நிற்பவருக்கு அது தோன்றவே தோன்றாது. இரண்டின் ஒளியும் அவ்வளவு இசைந்து போகிறது.

அதற்கு அடுத்த ஆண்டு காவிரிப் படுகையிலேயே ஒருவர் இதே சிக்கலோடு மல்லுக்கட்டினார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856-ல் அமர்த்தப்பட்ட கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் 1858-ல் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று பெட்டி பெட்டியாகச் சாமான்களோடு சுற்றினார். வெளிறிப்போன வானம் அவருக்குப் பொறுக்கவில்லை. நெகட்டிவின் மேல் சாயம் தீட்டி மேகங்களை வரைந்தார், இலைகளையும் திருத்தினார். கோபுரம் அப்படியே கோபுரம். அதற்கு மேலே மிதக்கும் மேகம் மட்டும் அவர் கை வண்ணம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை அவர் பதிவுசெய்த விதம் இன்னும் வியப்பானது. பக்கத்தில் பக்கத்தில் நகர்ந்து எடுத்து, 21 அச்சுகளை ஒன்றோடொன்று சேர்த்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக ஆக்கினார். எந்த மனிதக் கண்ணும் ஒரே பார்வையில் காணமுடியாத சுவர் அது. இன்றைய கைப்பேசி 'பனோரமா' என்று ஒரு பொத்தானில் செய்வதை அவர் கத்தரியாலும் பசையாலும் செய்தார். 1859-ல் ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யன் செலவு கட்டாது என்று அந்த வேலையை நிறுத்திவிட்டார். ட்ரைப்பின் கேமரா அதற்குமேல் இந்தப் பகுதியில் என்னென்ன கண்டிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

லெ கிரேயும் ட்ரைப்பும் இயற்கையாகத் தெரியவேண்டும் என்பதற்காக ஒட்டினார்கள். இயற்கையாகத் தெரியக்கூடாது என்பதற்காக ஒட்டியவர் அமெரிக்காவின் ஜெர்ரி யூல்ஸ்மன் (1934–2022). இருட்டறையில் பல என்லார்ஜர்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நெகட்டிவைப் பொருத்தி, ஒரே தாளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தி ஒளி காட்டுவார். நீருக்கு மேல் வேரோடு மிதக்கும் மரங்கள் அப்படித் தாளில் இறங்கின. 1967-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. போட்டோஷாப் வந்த பிறகும் அவர் இருட்டறையை விடவில்லை. அவருடைய மனைவியாக இருந்த மேகி டெய்லர் கணினிப் பக்கம் போனார். பழைய படங்களையும் சிறு பொருள்களையும் ஸ்கேனரில் வைத்து எடுத்து, அவற்றை லேயர் லேயராக அடுக்கித் தனக்கென ஓர் உலகத்தையே கட்டினார்.

தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் 1987-ல் தொடங்கிய நிரல் 1990 பிப்ரவரியில் போட்டோஷாப் என்ற பெயரில் மெக்கின்டாஷ் கணினிக்கு வந்தது. படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிரித்து வைக்கும் லேயர் வசதி 1994-ல் மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன் ஒட்டியது ஒட்டியதுதான். பிறகு பிரிக்க முடியாது. இந்த மென்பொருளை நெடுங்காலம் உருவாக்கியவர்களில் ஒருவர் சீதாராமன் நாராயணன். போட்டோஷாப் திறக்கும்போது வரும் பெயர்ப் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்துப் பழகாத டி.டி.பி. சென்டரோ ஸ்டுடியோவோ நம் பக்கத்தில் அரிது.

டெல்டா ஊர்களில் இந்தக் கலையை யாரும் கலை என்று அழைப்பதில்லை. திருமண ஆல்பத்தில் மணமக்களுக்குப் பின்னால் அருவி கொட்டுகிறது. மஞ்சள் நீராட்டு விழா பிளக்ஸில் சிறுமி தாமரை மேல் நிற்கிறாள். கண்ணீர் அஞ்சலித் தட்டியில் பெரியவரின் முகம் மேகங்களுக்கு நடுவே தெரிகிறது. முடியைச் சுற்றி நுணுக்கமாக வெட்டவும், தோலின் நிறத்தைப் பின்னணியோடு இணைக்கவும் தெரிந்த கைகள் ஸ்டுடியோதோறும் இருக்கின்றன. குறை ஒன்றுதான். அருவியும் தாமரையும் மேகமும் எங்கிருந்தோ இறக்கிய படங்கள். நன்னிலத்திலும் நாகூரிலும் அதே அருவி. காரைக்காலிலோ வெளியே நடந்தால் எட்டும் தொலைவில் அரசலாற்று முகத்துவாரம் இருக்கிறது.

அங்கே ஒரு காலைப் பொழுதில் கிடைக்கும் சரக்கை வைத்துச் செய்யக்கூடிய ஒரு படத்தைச் சொல்லலாம். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் ஈரமணலில் சிறு நண்டுகள் மணலை வாயில் இட்டு, உணவை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உருண்டைகளாக உருட்டிப் போட்டிருக்கும். வளையைச் சுற்றி அந்த உருண்டைகள் கதிர் கதிராகப் பரந்து கிடக்கும். அடுத்த நீரேற்றம் அவற்றைத் துடைத்துவிடும் என்பதால் தாமதிக்கக் கூடாது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது கேமராவை நேர் மேலிருந்து கீழே பிடித்து எடுத்தால், ஒவ்வோர் உருண்டையிலும் ஒரு பக்கம் பளிச்சிட்டு மறுபக்கம் இருண்டிருக்கும். கணினியில் கர்வ்ஸ் கருவியால் இருளை இன்னும் ஆழமாக்கினால் மணல் மறைந்து ஒளிப்புள்ளிகள் மட்டும் மிஞ்சும். நண்டுகள் போட்ட கோலம் விண்மீன் மண்டலமாக மாறிவிடும்.

இதற்கு அடியில் வைப்பது அதே முகத்துவாரத்தின் அந்திப் படம்: ஆறு, தென்னை வரிசை, நிறுத்திய படகுகள். மேல் லேயரின் பிளெண்டிங்கை ஸ்கிரீன் முறைக்கு மாற்றினால் கறுப்பு முழுவதும் விலகி, புள்ளிகள் மட்டும் வானத்தில் படியும். தொடுவானத்துக்குக் கீழே இறங்குபவற்றை மாஸ்க் போட்டு மறைக்க வேண்டும். எரேசரால் அழித்தால் திரும்பக் கிடைக்காது. மாஸ்க்கில் மறைத்ததை எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம். தென்னங்கீற்றின் இடுக்குகளில்தான் நேரம் போகும். அங்கே அவசரப்பட்டால் ஓலைக்கு முன்னால் நட்சத்திரம் வந்து நின்றுவிடும்.

பிறகுதான் பார்வைக்கு வேலை. தெற்கே பார்த்து எடுத்த அந்திப் படத்தில் வெளிச்சம் வலப்புறமிருந்து, மேற்கிலிருந்து வருகிறது. ஆகவே மணல் படத்தைச் சுழற்றி உருண்டைகளின் பளிச்சிடும் பக்கத்தை வலப்புறம் திருப்ப வேண்டும். வானத்தில் விண்மீன் இருந்தால் ஆற்றிலும் இருக்க வேண்டும்: அதே லேயரை நகலெடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து, ஒளியைக் குறைத்து, சிற்றலைக்கு ஏற்றபடி நெளித்து நீரில் இறக்க வேண்டும். கடற்காற்றின் ஈரம் தொலைவில் உள்ளவற்றை மங்கலாக்கும். எனவே தொடுவானத்தை நெருங்க நெருங்கப் புள்ளிகளும் மங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழைவெள்ளம் வண்டலோடு ஓடும் அரசலாற்றின் நிறம் சித்திரையில் இருக்காது. மழைக்கால ஆற்றின் மேல் கோடை வானத்தை வைத்தால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஊர்க்காரர்களின் கண் உறுத்தும். பொய்யான ஒரு வானத்தைச் செய்வதற்கு உண்மையான ஆற்றை எவ்வளவு கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது!

இதே வேலையை ஜிம்ப் மென்பொருளிலும் செய்யலாம். 1996-ல் பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் வெளியிட்டது, விலை இல்லை. லேயர், மாஸ்க், ஸ்கிரீன் எல்லாம் அதிலும் உண்டு.

2023-ல் போட்டோஷாப்பிலேயே படம் வரையும் செயற்கை நுண்ணறிவு நுழைந்துவிட்டது. நட்சத்திர வானம் என்று எழுதிக் கேட்டால் நொடியில் ஒரு வானத்தை வரைந்து தரும். அதைக் கருவியாகப் பயன்படுத்துபவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வானத்தில் காரைக்கால் நண்டுக்குப் பங்கு கிடையாது. கரைக்குப் போய்க் குனிந்து பார்த்தவரின் படத்துக்கும் இருந்த இடத்திலிருந்து கேட்டு வாங்கிய படத்துக்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல.

இந்தக் கரையில் எல்லாக் கற்பனையும் செல்லுபடியாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊரைவிட உயர்ந்து நிற்கும் அலை உலகெங்கும் இத்தகைய படங்களில் விருப்பமான காட்சி. 2004 டிசம்பர் 26-ன் சுனாமியைக் கண்ட கிளிஞ்சல்மேட்டுக்கும் பட்டினச்சேரிக்கும் காரைக்கால்மேட்டுக்கும் அது கற்பனை அல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது போன்ற இரவுகளில், ஒட்டிச் செய்த ஒரு கடல் படம் வாட்ஸாப்பில் பரவினால் குடும்பங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும். கலைஞர் கலையாகச் செய்தது, பெயரும் விளக்கமும் உதிர்ந்து கைமாறும்போது செய்தியாகிவிடுகிறது. 1982 பிப்ரவரி இதழின் அட்டைக்காக நேஷனல் ஜியோகிராஃபிக் கீஸா பிரமிடுகளைச் சற்று நெருக்கி வைத்ததற்கே இன்றுவரை பேச்சு கேட்கிறது. ஆவணம் என்று நம்பிப் பார்த்தவர்களை அது ஏமாற்றியது. ஆகவே கலந்து செய்த படத்தின் மேலேயே, அது கலந்து செய்தது என்று எழுதிவிடுவது நல்லது. மூலப் படங்களையும் லேயர் பிரிந்த கோப்பையும் தனியே பாதுகாக்க வேண்டும். நாளைக்கு ஒருவர் கேட்டால் நண்டு உருண்டைகளைக் காட்டமுடிய வேண்டும்.

அடுத்த வாரம் புதுச்சேரி. தமிழகத்துப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடிச் சேர்த்து டிஜிட்டலாக்கிய பிரெஞ்சு நிறுவனத்தின் பணியும், வரைந்த திரைச்சீலைகளுக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொண்ட நம் தாத்தா பாட்டிகளும்.

(தொடரும்)