‘பேங்க்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் முத்துப் பாரும்

ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் ‘பேங்க்’ என்னும் சொல் பணம் பேணும் வங்கியையும், ஆற்றின் கரையையும், கடலடி மேட்டையும் குறிக்கும். மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு பற்றிய ஆங்கில ஆவணங்களில் அச்சொல் மூன்றாம் பொருளிலேயே ஆளப்படுகிறது. கரைக்கு அப்பால் முத்துச்சிப்பிகள் ஒட்டி வளரும் இக்கடலடிப் பாறைப் பரப்பைத் தூத்துக்குடிக் கடலோர மக்கள் ‘பார்’ என்பர்.

பலபொருள் ஒருசொல்லின் பொருளை வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளியலாம் என்றும், வினை வேறுபடாதவிடத்துப் பொருளை வெளிப்படக் கிளந்து கூறவேண்டும் என்றும் தொல்காப்பியக் கிளவியாக்கம் வகுக்கிறது. ‘பேங்க் ஆய்வு’ என்னும் தொடர் பின்னதற்குச் சான்றாகும். வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பதும் ஆய்வே. சலாபத்திற்கு முன் குளியாளிகளை இறக்கிச் சிப்பிகளின் வளர்ச்சியை அறிவதும் ஆய்வே. இங்கு வினை பொருளை வேறுபடுத்தவில்லை. ‘முத்து’ என்னும் அடையே அதனை உறுதிசெய்கிறது.

தமிழ்ப் ‘பார்’ என்பதும் உலகத்தையும் காண்டலையும் குறித்தலால், ‘முத்துப் பார்’ என அடையுடன் வழங்குதலே தெளிவுடையது. ஆவண மொழிபெயர்ப்பில் இதனைக் ‘கரை’ என எழுதினால், 1961-இல் முடிவுற்ற தூத்துக்குடிச் சலாபங்கள் வரை மூச்சடக்கிக் கடலடிக்கு இறங்கிய குளியாளிகளின் உழைப்பு வரலாற்றில் இடம்பெயர்ந்துவிடும்.