பழைய பிக்கப் டிரக்கின் முன்பக்கத்தை அப்படியே கவிழ்க்கலாமா? கீல் எங்கே போடணும், ஆபத்து எங்கே இருக்கு?

லாரி கேபினை முன்னால் கவிழ்த்துவிட்டு, மெக்கானிக் இன்ஜின் மேல் ஏறி நின்று வேலை பார்ப்பதை நெடுஞ்சாலை ஓரப் பட்டறைகளில் பார்த்திருப்பீங்க. அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக் வைத்திருக்கும் சிலர், கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு வேலையைத் தங்கள் வண்டியில் செய்கிறார்கள். இங்கே கேபின் அசையாது. பானெட், இரண்டு மட்கார்டு, கிரில், ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் சாயும். இன்ஜின் மூன்று பக்கமும் திறந்து கிடக்கும்.

வீடியோவில் பார்த்தால் ரெண்டு கீல் போட்டா முடிஞ்சுது என்று தோன்றும். ஆனால் கீலை வெல்டிங் செய்வது இதில் மிகச் சின்ன வேலை. அந்தக் கீல் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதில்தான் பாதி வண்டிகள் மாட்டிக்கொள்கின்றன.

எதற்காக இவ்வளவு மெனக்கெடல்?

செவ்ரோலே 3100 பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். 1947ல் வந்து, 1955 தொடக்கம் வரை விற்ற வடிவம். உருண்டையான மூக்கு, இரண்டு பக்கமும் அகலமாகப் புடைத்து நிற்கும் மட்கார்டு. பானெட் முதலை வாய் மாதிரி முன்பக்கம் திறக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் இன்ஜின் ஒரு குறுகலான பள்ளத்தில் இருக்கும். மட்கார்டு மேல் வயிற்றை வைத்துப் படுத்தால்தான் கை எட்டும்.

கம்பெனி கொடுத்த ஆறு சிலிண்டர் இன்ஜின் வரிசையாக நிற்கும், ஒல்லியானது. அதனால் பெரிய தொல்லை இல்லை. அதை எடுத்துவிட்டு வி8 இன்ஜினை இறக்கும்போதுதான் சிக்கல். ஸ்பார்க் பிளக், புகைக் குழாய் எல்லாம் இரண்டு பக்கமும் மட்கார்டு மறைவுக்குள் போய்விடும். ஒரு பிளக் மாற்றவே அரை நாள் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? முன்பக்கத்தையே சாய்த்துவிடலாம் என்ற யோசனை அங்கிருந்துதான் வருகிறது.

எல்லா வண்டிக்கும் இது முடியுமா?

முடியாது. பழைய பிக்கப்பில் சேஸிஸ் தனி, பாடி தனி. இன்ஜின், சஸ்பென்ஷன் எடையை எல்லாம் சேஸிஸ் தாங்குகிறது. மட்கார்டும் பானெட்டும் மேலே போல்ட் போட்டு மாட்டிய தகடுகள்தான். அவற்றைக் கழற்றினாலும் வண்டி நிற்கும், ஓடும். இன்றைய கார்களில் மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் தகடே வண்டியின் எலும்பு. அதை அறுத்தால் முன்பக்கத்தின் பலமே போய்விடும்.

கம்பெனியே இப்படிச் செய்த கார்களும் உண்டு. 1961ல் வந்த ஜாகுவார் இ-டைப்பில் முன்பக்கம் முழுக்கச் சாயும். அதற்கு முன்பே, 1959ல் வந்த டிரையம்ப் ஹெரால்டிலும் அப்படித்தான். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இதே காரின் இந்தியப் பதிப்பு. வீட்டில் பெரியவர்கள் யாராவது அதை ஓட்டியிருந்தால் கேட்டுப் பாருங்க, அந்த பானெட்டை மறந்திருக்க மாட்டார்கள். ஹெரால்டுக்கும் தனி சேஸிஸ். ஜாகுவாரில் இன்ஜினைத் தாங்க முன்னால் தனிக் குழாய்ச் சட்டம் இருந்தது.

கீல் எங்கே உட்கார வேண்டும்?

ஒரு அட்டையை எடுத்து, வண்டியின் முன்பக்கத்தைப் பக்கவாட்டில் பார்ப்பது போல வெட்டிக்கொள்ளுங்க. முன் ஓரத்தில் ஒரு குண்டூசி குத்தி, மெதுவாக முன்னால் சாயுங்கள். மூன்று விஷயம் தெரியும்.

குண்டூசிக்கு மேலே, பின்னால் இருக்கும் பகுதிகள் எல்லாம் முன்னால் நகர்ந்தபடி மேலே போகும். அதாவது பானெட்டின் பின் ஓரம் கண்ணாடிப் பக்கத்தை விட்டு விலகிவிடும். நல்லது. குண்டூசிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி கீழே இறங்கும். கிரிலின் அடிப்பாகம் பம்பரில் போய் இடிப்பது இதனால்தான். எனவே கீல் எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதுவும் போதாவிட்டால் பம்பரை முன்னால் தள்ளி மாட்டுகிறார்கள், அல்லது சாயும் பகுதியோடே சேர்த்துவிடுகிறார்கள்.

மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மட்கார்டின் வால்பகுதி முன் சக்கரத்துக்குப் பின்னால் இறங்கி, கால் வைத்து ஏறும் படிப்பலகையைத் தொடும். அது கீலை விடத் தாழ்வான இடம். தாழ்வாக இருக்கும் எந்தப் புள்ளியும் சாயத் தொடங்கியதும் முதலில் பின்னால்தான் நகரும். அதாவது நேராகக் கேபினில் போய் முட்டும். பெயின்ட் அடித்து முடித்த பிறகு இது தெரியவந்தால் எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க.

இதற்கு வழிகள் உண்டு. கீலை முடிந்தவரை கீழே இறக்கலாம். மட்கார்டு வாலை ஒரு கோட்டில் அறுத்து, அந்தத் துண்டைக் கேபினோடே விட்டுவிடலாம். இல்லையென்றால் முதலில் சில அங்குலம் முன்னால் இழுத்து, அப்புறம் சாயும்படி நகரும் கீல் செய்யலாம். மூன்றாவது பார்க்க அழகு, ஆனால் ஆட்டம் கொடுக்க இன்னொரு இடம் சேர்கிறது. அறுத்துவிடுவதே நாள்படத் தாங்கும் வழி என்று எனக்குப் படுகிறது. கோடு தெரியும்தான், தெரிந்தால் தெரியட்டும்.

தகடுகளை ஒன்றாக்குவது எப்படி?

இந்த வண்டியில் மட்கார்டுகள் கேபினிலும் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்திலும் போல்ட் போட்டு நிற்கின்றன. கேபினிலிருந்து கழற்றிவிட்டால் அவை தொளதொளவென்று ஆடும். அதனால் ரேடியேட்டர் சட்டத்தை சேஸிஸோடு தனியாக நிறுத்திவிட்டு, மட்கார்டுகளின் உள்பக்கம் இரும்புக் குழாயில் ஒரு கூடு கட்டுகிறார்கள். கேபினை ஒட்டிய பின் ஓரத்தில் ஒரு வளைவு, அங்கிருந்து கீல் வரை இரண்டு கை.

எல்லாத் தகடும் தன் இடத்தில் மாட்டியிருக்கும்போதே, கதவு இடைவெளி சரியாக இருக்கும்போதே, அங்கங்கே சின்னப் புள்ளிகளாக வெல்டிங் வைக்க வேண்டும். கழற்றித் தரையில் வைத்து வெல்டு அடித்தால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும். திரும்ப மாட்டும்போது ஒரு பக்கம் ஒட்டும், மறுபக்கம் விரல் நுழையும். கீலிலும் மரை வைத்து மேலே கீழே, முன்னே பின்னே நகர்த்தும் வசதி இருந்தால் பின்னால் நிம்மதி.

எடை தலையில் விழுந்தால்?

சாயும் பகுதி 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை மையம் கீலுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால், 40 சென்டிமீட்டர் மேலே. பின் ஓரம் கீலிலிருந்து 140 சென்டிமீட்டர். அங்கே பிடித்துத் தூக்கத் தொடங்கும்போது கையில் சுமார் 34 கிலோ பாரம் தெரியும். மேலே போகப்போக அது குறையும். ஏறக்குறைய 56 டிகிரி சாய்ந்ததும் பாரமே இருக்காது. அதைத் தாண்டினால் தானாகவே முன்னால் விழும்!

ஆக இரண்டு பக்கமும் தடுப்பு வேண்டும். முன்னால் விழாமல் இருக்க இரும்புக் கயிறு அல்லது பட்டை. பின்னால், அதாவது வேலை பார்ப்பவர் தலைமேல் விழாமல் இருக்க, மாட்டிப் பூட்டும் ஒரு இரும்புக் கம்பி. கார் டிக்கியைத் தாங்கும் கேஸ் ராடு மட்டும் போதாதா? போதாது. குளிரில் அதன் பலம் குறையும், கேஸ் கசிந்தால் சொல்லாமல் இறங்கும். அது தூக்க உதவும் சாமான், நிறுத்திவைக்கும் சாமான் அல்ல.

ஓடும்போது காற்று இந்த பானெட்டைத் திறக்காது, மூடத்தான் பார்க்கும். ஆனால் பள்ளத்தில் இறங்கினால் பின் ஓரம் குதிக்கும். அதனால் கேபின் சுவரை ஒட்டி இரண்டு பக்கமும் இரண்டு பூட்டு, ரப்பர் கட்டைகள். ஹெட்லைட் ஒயர் கீலுக்குப் பக்கத்தில் வளைந்து போக வேண்டும், சாயும்போது இழுபடாத அளவு நீளம் விட வேண்டும்.

நம்ம ஊரில் செய்யலாமா?

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்காதீங்க. வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

தாத்தா காலத்து வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 50 ஆண்டு தாண்டிய வாகனங்களுக்கு 2021 முதல் தனி வின்டேஜ் பதிவு இருக்கிறது. சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் அது கிடைக்கும். மட்கார்டை அறுத்த பிறகு அந்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பயனில்லை.