கீறலும் கைக்கடிகாரமும்

விலையுயர்ந்த கைக்கடிகாரம் ஒன்றை வாங்கச் செல்பவர் கடைக்காரரிடம் முதலில் வினவுவது, அது நேரத்தைப் பிழையின்றிக் காட்டுமா என்பதன்று, “இதில் கீறல் விழுமா?” என்பதே. நேரம் காட்டும் தொழிலைச் சில நூறு ரூபாய்க் கடிகாரமும் செம்மையாகவே செய்துவிடுகிறது. இலட்சக் கணக்கில் பொருள் கொடுப்பவர் பெறுவன தோற்றப் பொலிவும், வேலைப்பாடும், பிள்ளைகள் காலத்திற்கும் நிற்கும் என்னும் நம்பிக்கையுமே. ஆதலின் அவருடைய கவலை நியாயமானது. “கீறவே கீறாது” என்று கடைக்காரர் இறுக்கும் விடைதான் முழுதும் நியாயமானதன்று.

ஒரு பொருளைக் காட்டிலும் கடினமான மற்றொன்று அதன்மீது அழுந்தி இழையும்போது உண்டாகும் வடுவையே கீறல் என்கிறோம். எது எதைக் கீறும் என்பதை வரிசைப்படுத்த, பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியல் அறிஞர் 1812ஆம் ஆண்டில் பத்துப் படிகள் கொண்ட அளவை ஒன்றை வகுத்தார். முதற்படியில் இருப்பது மாக்கல்; பத்தாம் படியில் வைரம். நம் விரல் நகம் ஏறத்தாழ இரண்டரை, சாளரக் கண்ணாடி ஐந்தரை, மணலில் மிகுந்து காணப்படும் படிகக்கல் ஏழு, குருந்தம் ஒன்பது. மேற்படியில் உள்ளது கீழ்ப்படியில் உள்ளதைக் கீறும். கீழுள்ளது மேலுள்ளதைக் கீறாது.

குருந்தம் என்ற சொல் இங்கே சற்று நிற்கச் செய்கிறது. ஆங்கிலேயர் இக்கனிமத்தைக் ‘கொரண்டம்’ என்று வழங்குவது நம் சொல்லிலிருந்து பிறந்ததே. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் இது கிடைக்கிறது. இதன் பொடியை அரக்கோடு சேர்த்துச் சாணைக்கல் செய்து, மணிகளைத் தீட்டுவது இந்நாட்டுக் கைவினைஞரின் பழைய வழக்கம். செந்நிறம் பெற்ற குருந்தமே மாணிக்கம். நீலநிறம் பெற்றது நீலமணி. நிறமே இன்றித் தூய்மையாக இருப்பின் அது கண்ணாடிபோல் ஒளியை ஊடுருவ விடும். உயர்தரக் கடிகாரத்தின் முகத்தை மூடியிருக்கும் ‘சஃபையர்’ கண்ணாடி என்பது இந்த நிறமற்ற குருந்தமேயன்றி வேறன்று.

அது நிலத்தில் தோண்டி எடுக்கப்பட்டதன்று, ஆலையில் வளர்க்கப்பட்டது. அலுமினிய ஆக்ஸைடுப் பொடியை ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தெரியும் சுடரின் வழியே உதிரச் செய்து, உருகிய துளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக உறையவைத்து மணியாக்கும் முறையை, ஆகுஸ்த் வெர்னூய் என்ற பிரெஞ்சு வேதியியல் அறிஞர் 1902இல் உலகறியச் செய்தார். வளர்ந்த மணியை அறுப்பதற்கு வைர வாளும், மெருகிடுவதற்கு வைரப் பொடியும் வேண்டும். அதன் விலைக்கு இவ்வுழைப்பே காரணம்.

இக்கண்ணாடியை அன்றாட வாழ்வில் எது கீறும்? சாலைப் புழுதி கீறாது; சாவிக் கொத்து கீறாது; சமையலறைக் கருங்கல் மேடையும் கீறாது. வைரம் கீறும். மனைவியின் மோதிரத்தோடும் மூக்குத்தியோடும் ஒரே பேழையில் கடிகாரத்தை இட்டு வைப்பவர்கள் இதை நினைவிற் கொள்வது நலம். சில கடிகாரங்களில், ஒளி கூசாதிருக்கக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் மிக மெல்லிய பூச்சு ஒன்று இடுகிறார்கள். அப்பூச்சு எளிதிற் கீறுபடும். உடையவரோ கண்ணாடியே கீறிவிட்டதென்று கலங்குவார். கடினம் வேறு, உறுதி வேறு என்பதும் அறியத்தக்கது. வளைந்து கொடுக்காத பொருள் அடி தாங்காது. கீறலுக்கு அஞ்சாத சஃபையர், கல்தளத்தில் விழுந்தால் விளிம்பில் சிதறக்கூடும்.

கண்ணாடியைப் பற்றிய கவலை இவ்வளவே. மெய்யான துன்பம் உலோகத்தில் இருக்கிறது.

உலோகத்தின் கடினத்தை விக்கர்ஸ் என்னும் அளவையால் குறிப்பது வழக்கம். வைர முனை ஒன்றைக் குறித்த பாரத்தோடு அழுத்தி, விழும் குழியை அளந்து கணக்கிடுவர். சஃபையர் சுமார் 2000. படிகக்கல் ஆயிரத்திற்கு மேல். பெரும்பாலான கடிகாரங்களுக்குரிய துருவேறா எஃகோ 150 முதல் 200 வரையே! ரோலெக்ஸ் நிறுவனத்தார் 1985 முதல் கையாளத் தொடங்கிய உயர்வகை எஃகு, அரிப்பைத் தாங்குவதிற் சிறந்தது. கீறலைத் தாங்குவதில் அதற்குத் தனிப்பெருமை இல்லை. ஆகவே வைகாசி, ஆனி மாதங்களில் தில்லி நகரின்மீது வீசும் புழுதிக் காற்றில் உள்ள மணல்துகள் ஒன்றே எஃகைக் கீறப் போதுமானது. தூசி படிந்த கடிகாரத்தைச் சட்டைத் துணியால் துடைப்பவர், துடைக்கவில்லை; அரம் போடுகிறார். முதலில் நீரால் கழுவுவதே முறை. ஆனால் நீர்புகாக் கடிகாரமாக இருத்தல் வேண்டும்.

மும்பை மின்ரயிலின் கைப்பிடிக் கம்பியும், அலுவலக மேசையும், மடிக்கணினியின் விளிம்பும் தத்தம் பங்கைச் செலுத்துகின்றன. முதலில் தேய்வது பட்டையின் கொக்கியே. கண்ணாடிபோல் மெருகிட்ட பரப்பில் மயிரிழைக் கீறலும் பளிச்சென்று தெரியும். ஒரே திசையில் இழைத்த மங்கற் பரப்பில் அது கலந்து மறையும்.

பொன்னைப் பற்றி நம்மவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. கடிகாரத்திற்குரிய 18 காரட் பொன்னில் நூற்றுக்கு 75 பங்கே தங்கம். எனினும் அது கீறலுக்கு எளிதில் இலக்காகும். விலை ஏற ஏறக் கடினமும் ஏறும் என்று எண்ணுவது பெரும் மயக்கம்.

கீறாத கடிகாரம் செய்யும் முயற்சியில் புகழ்பெற்றது, நம் நாட்டில் பலர் விரும்பி அணியும் ராடோ. அந்நிறுவனத்தார் 1962இல் டங்ஸ்டன் கார்பைடு என்னும் கடின உலோகத்தால் செய்த டயாஸ்டார் கடிகாரத்தை வெளியிட்டனர். 1986இல் பீங்கான் வகைப் பொருளுக்கு மாறினர். சிர்கோனியம் ஆக்ஸைடுப் பொடியை அச்சிலிட்டு, பெருவெப்பத்தில் சுட்டுப் பெறும் இப்பொருளின் விக்கர்ஸ் எண் 1200க்கு மேல். பல்லாண்டு அணிந்த பின்னும் புதிதுபோல் விளங்கும். ஆயினும் பலமாக விழுந்தால் உடையலாம். உடைந்ததை ஒட்ட இயலாது. டைட்டேனியம் எடையிற் குறைந்தது. மேற்பரப்பைத் தனியாகக் கடினப்படுத்தாவிடில் அதுவும் கீறுபடும். கருநிறப் பூச்சிட்டவை நெடுங்காலம் தாங்கும். ஆழமான கீறல் விழுந்தாலோ அடியிலுள்ள வெள்ளை உலோகம் வெளிப்பட்டுவிடும்.

கீறலுக்கு அஞ்சாமல், அதை எளிதிற் போக்கிக் கொள்வதை நாடியவர்களும் உண்டு. அமெரிக்க விண்வெளி நிறுவனம் 1965இல் தன் வீரர்களுக்குத் தேர்ந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் முகப்பு பிளாஸ்டிக்கே. அது விரைவிற் கீறுபடும்; ஆனால் சில்லுச் சில்லாகச் சிதறி விண்கலத்துள் மிதக்காது. இத்தகைய முகப்பின் சிறு கீறல்களை மெருகுப் பசையால் தேய்த்துப் போக்கலாம்.

உலோகத்தை அவ்வாறு தேய்ப்பதில்தான் இடர் உள்ளது. மெருகிடுதல் கீறலை நிரப்புவதன்று. கீறலின் அடிமட்டம் வரையில் சுற்றியுள்ள உலோகத்தை நீக்குவதாகும். இரண்டு மூன்று முறை செய்தால் கூரிய விளிம்புகள் மழுங்கும். பட்டை பொருந்தும் கொம்புகள் மெலியும். பழங்கடிகாரம் சேர்ப்போர், மெருகு காணாததற்கே மிகுதியாக விலை கொடுக்கின்றனர்.

என் தந்தையார் 1991இல் ஓய்வு பெற்றபோது உடன் பணிபுரிந்தோர் அளித்தது பெங்களூரில் செய்த எச்.எம்.டி. கடிகாரம், உயர்விலைக் கடிகாரமன்று. பின்மூடியில் அவர் பெயரும் பணியாண்டுகளும் பொறித்திருந்தன. அவர் மறைந்த பின் அதைப் புதுப்பிக்கக் கருதி ஒரு கடையில் கொடுத்தேன். “முழுதும் மெருகிடுங்கள்” என்று சொன்னவன் நானே. திரும்பி வந்த கடிகாரம் கண்ணைப் பறித்தது. பின்மூடியும் அவ்வாறே பளபளத்தது. ஊரின் பெயரிலிருந்து இரண்டெழுத்து மட்டும், சாய்த்துப் பிடித்தால் இன்றும் தெரிகிறது.

எனவே மெருகிடக் கொடுக்கும் அன்பர்கள், எப்பகுதியைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்பதைச் சீட்டில் எழுதுவித்து, கொடுக்கும் முன்னரே பின்மூடியைப் படம் பிடித்து வைத்துக்கொள்க.